மேலே மழை பெய்தால் யார் சொல்வது?



இந்த மாத வகுப்புக்குச் 'சாகசப் பயணம் திட்டமிடுவது எப்படி' என்று ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார் நம் பொறுப்பாளர் அக்கா. "நீதான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறியே, கணக்கோட எழுது" என்றார். கணக்கும் இருக்கிறது. ஆனால் கணக்குக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு செமெஸ்டர் விடுமுறைக்கு நான் பாலிங் திரும்பியிருந்த நேரம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடினோம். மொத்தம் பதினாறு பேர். கூலிம் மாவட்டத்தில் இருக்கும் சுங்கை செடிமுக்குப் போய் ரப்பர் படகில் நுரை பொங்கும் ஆற்றில் இறங்குவது, அதாவது ராஃப்டிங் போவது என்று முடிவு. முதலில் பேராக்கில் கோப்பெங், சிலாங்கூரில் கோலகுபு பாரு என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. சபாவின் பாடாஸ் ஆறு என்று ஒரு தம்பி ஆசைப்பட்டான். காசைக் கணக்குப் பார்த்ததும் செடிமே போதும் என்று ஆகிவிட்டது.

அந்தக் கூட்டத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. டி-சட்டை என்ன நிறம் என்பதற்கு ஒரு மணி நேரம். காவியா, மஞ்சளா, முதுகில் என்ன எழுதுவது, கழுத்துப்பட்டை வேண்டுமா வேண்டாமா. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். படம் பிடிக்க யாருடைய கேமரா என்பதற்குக் கால் மணி நேரம். நான் மடிக்கணினியில் அழகான அட்டவணை போட்டு வைத்திருந்தேன். வேன் வாடகை, படகுக் கட்டணம், சாப்பாடு, எல்லாம் வண்ண வண்ணமாக. எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போது கூப்பாங் பக்கத்திலிருந்து வரும் ஒரு தங்கை மெதுவாகக் கையைத் தூக்கினாள். அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அண்ணே, மேல மலையில மழை பெஞ்சா நமக்கு யாரு சொல்வாங்க?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பாலிங் என்றால் பெரியவர்களுக்கு 1955 நினைவுக்கு வரும். துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் சின் பெங்கும் உட்கார்ந்து பேசிய ஊர். எங்கள் வயதினருக்கு நினைவுக்கு வருவது 2022 ஜூலை 4. அன்று குனோங் இனாஸ் மலைப்பக்கம் பெய்த மழை, மரக்கட்டையும் சேறுமாகத் திரண்டு கூப்பாங் வட்டாரக் கம்பங்களுக்குள் புகுந்தது. மூன்று உயிர்கள் போயின. அந்தத் தங்கையின் வீட்டிலும் சேறு புகுந்தது. அவள் கேட்டது பயத்தில் கேட்ட கேள்வி அல்ல, கண்ணால் பார்த்தவள் கேட்ட கேள்வி.

செடிம் ஆறும் அதே பிந்தாங் மலைத்தொடரிலிருந்துதான் இறங்கி வருகிறது. கூப்பாங் ஆற்றின் நீர் கெத்தில் ஆறு வழியாகவும், செடிம் தன் வழியிலும் போய்க் கடைசியில் மூடா ஆற்றில் சேர்கின்றன. ஒரே மலை, ஒரே மழை. ஊர்ப் பெயர்தான் வேறு.

அன்று இரவு என் அட்டவணையை மூடி வைத்துவிட்டு அலமாரியிலிருந்து திருக்குறளை எடுத்தேன். பொருட்பாலில் 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். வள்ளுவர் அவற்றை அரசனுக்கு, போருக்குப் போகும் முன் யோசிக்கச் சொன்னார். பயணம் போகிறவனுக்கும் அந்த நான்கும் அப்படியே பொருந்துகின்றன. அடுத்த வாரக் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் அந்த நான்கு தலைப்புகளைத்தான் எழுதினேன். இந்தப் பாடமும் அதே வரிசையில் போகிறது.

1. தெரிந்து செயல்வகை: இறங்கும் முன் எண்ணிப் பார்

ஒரு காரியத்தில் எதை இழக்கலாம், எதைப் பெறலாம் என்று முதலில் எண்ணச் சொல்கிறது இந்த அதிகாரம். நாம் பெறுவதை மட்டும் எண்ணுகிறோம்: படம், கொண்டாட்டம், நட்பு. இழக்கக்கூடியதை எண்ணுவதே அபசகுனம் என்று வாயை மூடிக்கொள்கிறோம். "நல்ல காரியம் பேசுறப்ப ஏன்டா கெட்டதப் பேசுற" என்று வீட்டிலும் அதட்டுவார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கிறோம். அதற்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து, பூசாரி உத்தரவு கொடுத்த பிறகுதான் குழியில் கால் வைக்கிறோம். நெருப்புக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற நாம், ஆற்றைக் கண்டதும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கிறோம். நம் திருவிழாவே ஆற்றங்கரையில் கரகம் பாலித்துத்தானே தொடங்குகிறது! என் பாட்டி இன்றைக்கும் ஆற்றில் கால் வைக்கும் முன் குனிந்து நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சின்ன வயதில் அதை வெறும் பழக்கம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் குனிதலில் ஒரு நிமிடம் நின்று பார்த்தலும் இருக்கிறது என்று தோன்றுகிறது. நீர் தெளிவாக இருக்கிறதா, வேகம் எப்படி, சத்தம் மாறியிருக்கிறதா என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காசு விஷயத்திலும் எண்ண வேண்டும். முன்பணம் கட்டும் முன்பே "மழை வந்து ரத்தானால் பணம் என்ன ஆகும்? வேறு தேதிக்கு மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலைப் புலனத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இது கஞ்சத்தனம் இல்லை. கட்டிய காசு போய்விடுமே என்ற எண்ணம்தான் பல பேரைக் கலங்கிய ஆற்றில் இறக்குகிறது. தேதியை மாற்றலாம் என்று முன்பே தெரிந்தால் 'வேண்டாம்' என்று சொல்வது பாதி சுலபமாகிவிடும்.

2. வலியறிதல்: ஆற்றின் பலம், நம் பலம்

வேலையின் வலிமை, நம் வலிமை, எதிரியின் வலிமை, இரு பக்கத்துத் துணைகளின் வலிமை, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். முதலில் ஆற்றின் பலம். இங்கேதான் அக்கா கேட்ட கணக்கு வருகிறது.

ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை, அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். இடுப்பளவு நீரில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீர் படும் பரப்பு ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் அவர்மேல் விழும் விசை சுமார் 17 கிலோ எடைக்குச் சமம். சமாளித்து நிற்கலாம். வேகம் 2 மீட்டரானால் 34 இல்லை, சுமார் 67 கிலோ. ஒரு முழு ஆளே சாய்ந்து தள்ளுவது போல. 3 மீட்டரானால் சுமார் 150 கிலோ. வேகம் மூன்று மடங்கு, தள்ளும் விசை ஒன்பது மடங்கு. "நேத்து இதே இடத்துல நின்னேனே" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை என்பது இதனால்தான்.

அதனால்தான் நுரை ஆறுகளை உலகமெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் சின்னச் சின்ன அலை. 3 என்றால் படகைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டிய அலைகள். 6 என்றால் தேர்ந்தவர்களுக்கே உயிராபத்து. சபாவின் கியூலு ஆறு புதியவர்களுக்கு ஏற்றது, பாடாஸ் அதைவிடக் கடுமையானது என்பதெல்லாம் இந்தத் தரத்தை வைத்துத்தான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அந்த எண் ஆற்றின் பிறப்புப் பத்திரத்தில் எழுதியது இல்லை. மழை பெய்து நீர் ஏறினால் அதே ஆற்றின் தரமும் ஏறும்.

அடுத்து நம் பலம். என் பொய் இங்கேதான் வருகிறது.

பதிவுப் பாரத்தில் 'நீந்தத் தெரியுமா?' என்று ஒரு கேள்வி இருந்தது. நான் 'தெரியும்' என்று எழுதினேன். எனக்குத் தெரியாது. பதினாறு வயதில் எங்கள் ஊர்ப்பக்கத்து அருவி ஒன்றில் வழுக்கி விழுந்து, கரையில் இருந்த ஓர் அக்கா துண்டை வீசி இழுத்ததால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் கற்றுக்கொள்ளவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆற்றுப் பக்கத்தில் வளர்ந்தவன், பல்கலைக்கழகத்தில் படிப்பவன், பயணத்துக்கே பொறுப்பாளன். எனக்கு நீந்தத் தெரியாது என்று தம்பிகள் முன்னால் எப்படிச் சொல்வது?

பலகையில் 'வலியறிதல்' என்று எழுதி நிமிர்ந்தபோது தொண்டை அடைத்தது. எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே நான் மட்டும் பொய்ப் பாரத்தோடு நிற்க முடியவில்லை. "நான் பாரத்துல பொய் எழுதிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். ஒருவன் சிரித்தான். அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒவ்வொருவராகக் கை தூக்க ஆரம்பித்தார்கள். "எனக்கும் தெரியாதுண்ணே." "குளத்துல கொஞ்சம் தெரியும், ஆத்துல பழக்கம் இல்ல." "எனக்கு வீசிங் இருக்கு, அம்மா சொல்ல வேணாம்னாங்க." பாரத்தின்படி நீந்தத் தெரியாதவர்கள் இரண்டு பேர். உண்மையில் ஏழு பேர்.

சத்தியம் என்பதைப் பெரிய பெரிய விஷயங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஒரு பாரத்தில் டிக் அடிப்பதிலும் சத்தியம் இருக்கிறது. வழிகாட்டி அந்தக் காகிதத்தை நம்பித்தான் யாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவெடுக்கிறார். அங்கே பொய் எழுதினால், நம்மைக் காப்பாற்ற வருபவரின் கண்ணை நாமே கட்டுகிறோம்.

துணையின் பலம் என்பது வழிகாட்டியும் கருவியும். மிதவைச் சட்டை உடம்போடு இறுகப் பிடிக்க வேண்டும். வாரை எல்லாம் இழுத்துக் கட்டிய பிறகு, நண்பனை விட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. தலைக்கவசமும் அப்படித்தான், ஆடக்கூடாது. நீந்தத் தெரிந்தவருக்கும் இரண்டும் கட்டாயம்.

3. காலமறிதல்: கொக்குப் போலக் காத்திரு

இந்த அதிகாரத்தில் வள்ளுவர் கொக்கை உதாரணம் காட்டுகிறார். காலம் வரும்வரை அசையாமல் நிற்கும், வந்ததும் ஒரே கொத்து. நமக்கு நிற்பதுதான் கஷ்டம்.

தங்கையின் கேள்விக்கு வருவோம். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்கிறார்கள், அதாவது நீரின் தலை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் கொட்டிய மழை, சரிவுகளிலிருந்து ஓடைகளில் கூடி, ஒரே ஆற்றுக்குள் இறங்கும்போது திடீரென்று சுவர் போல வரும். சில நேரம் விழுந்த மரங்கள் குறுக்கே அடைத்து நீரைத் தேக்கும். அந்த அடைப்பு உடைந்தால் வேகம் இன்னும் மோசம்.

எவ்வளவு நீர் என்று ஒரு சின்னக் கணக்கு. 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர் நீர், அதாவது பத்து லட்சம் லிட்டர். மலையில் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் பத்து லட்சம் கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றுக்கு 2,500 கன மீட்டர் என்று வைத்தால் 400 குளங்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் வராது. மண் கொஞ்சம் குடிக்கும், காடு கொஞ்சம் தடுக்கும். ஆனால் மண் ஏற்கெனவே ஊறியிருந்தாலோ, மரம் வெட்டப்பட்டிருந்தாலோ அந்தத் தடுப்பு குறைந்துவிடும்.

சரி, மேலே பெய்தால் யார் சொல்வது? மூன்று பேர் சொல்வார்கள்.

முதலாவது, வானிலை ஆய்வுத் துறை. அவர்களின் முன்னறிவிப்பையும் இடிமழை எச்சரிக்கையையும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். நாம் போகும் இடத்துக்கு மட்டும் பார்க்காமல், ஆறு பிறக்கும் மலைப்பக்கத்துக்கும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, நீர்ப்பாசன வடிகால் துறை. ஆறுகளின் நீர்மட்டத்தையும் மழையளவையும் அவர்கள் இணையத்தில் வெளியிடுகிறார்கள். சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள். 'விழிப்பு' வந்தாலே நமக்குப் பயணம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆறே சொல்லும். தெளிந்த நீர் திடீரென்று தேநீர் நிறமாகும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். ஓசை மாறும், மண் வாசனை வரும். சில நேரம் நீர் திடீரென்று குறையும், அதுவும் கெட்ட அறிகுறிதான். மேலே ஏதோ அடைத்திருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பைத் தேடாதீர்கள், பையைத் தேடாதீர்கள். கரையோரமாகக் கீழே ஓடாமல் மேட்டைப் பார்த்து ஏறுங்கள்.

பருவமும் நேரமும் முக்கியம். நம் பக்கம் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். அதனால் காலையில் சீக்கிரம் இறங்கி, மதியம் 1 மணிக்குள் கரையேறிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். ரிஷிகேசில் கங்கையிலேயே மழைக்காலத்தில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள். கங்கைத் தாய்க்கே ஓய்வு காலம் உண்டு என்றால் நம் ஆற்றுக்கு இருக்காதா?

4. இடனறிதல்: முதலைக்கு நீர், நமக்குத் தரை

ஆழ்ந்த நீரில் முதலை எதையும் வெல்லும், நீரை விட்டு வெளியே வந்தால் மற்றவை அதை வென்றுவிடும் என்கிறது இந்த அதிகாரம். நாம் தரையில் பலசாலிகள். நீர் நம் இடம் இல்லை. அதனால் போகும் இடத்தை முன்கூட்டியே நேரில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன் அக்காவும் வேன் ஓட்டும் அண்ணனும் நானும் போய்ப் பார்த்து வந்தோம். எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது, இடையில் கரையேறும் வழி எத்தனை, மேடான இடம் எது, கைப்பேசித் தொடர்பு எங்கே துண்டிக்கிறது, கூலிம் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று அக்காவின் பையில், மற்றொன்று பாலிங்கில் இருக்கும் ஒரு பெற்றோரிடம். மாலை 4 மணிக்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அவர் 999-ஐ அழைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். அதைக் கைவிட்டோம். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் கூடாரங்களின்மேல் மலை சரிந்து 31 பேர் இறந்ததை எல்லாரும் அறிவோம். தூங்குகிறவனுக்கு ஆறும் மலையும் அறிகுறி காட்டிப் பயன் இல்லை.

அந்தச் சனிக்கிழமை

கூட்டத்தின் கடைசியில் ஒரு தாளில் ஐந்து விதிகள் எழுதிப் பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டோம். மலைப்பக்கம் இரவில் கனமழை பெய்து, காலையில் நீர் கலங்கி இருந்தால் இறங்குவதில்லை. வழிகாட்டி வேண்டாம் என்றால் வாதம் இல்லை. யார் 'நான் வரவில்லை' என்றாலும் காரணம் கேட்பதில்லை, கிண்டல் செய்வதில்லை. 1 மணிக்குள் கரையேறுவது. போனால் எல்லாரும் போவது, பாதிப் பேரைக் கரையில் விட்டுவிட்டுப் பாதிப் பேர் போவதில்லை.

அந்த நாள் வந்தது. முந்தின இரவு முழுக்க மழை. காலை எட்டரைக்கு ஆற்றங்கரையில் நிற்கிறோம். நீர் பால் ஊற்றாத தேநீர் போல இருக்கிறது. "பழகினவங்களா இருந்தா பார்க்கலாம். உங்கள்ல பாதிப் பேரு புதுசு. முடிவு உங்களோடது" என்றார் வழிகாட்டி.

தம்பிகள் விடவில்லை. "நீந்தத் தெரிஞ்சவங்க மட்டும் போலாம் லா." "வானம் வெளுக்குது பாருங்கண்ணே." "இவ்ளோ தூரம் வந்துட்டு?" உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். புது டி-சட்டை, பதினாறு பேர், கேமரா. அந்த நிமிடத்தில் என்னைத் தனியாக முடிவெடுக்கச் சொல்லியிருந்தால் 'சரி, போவோம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். பதினாறு கையெழுத்து. முதல் விதியை விரலால் காட்டினார். அவ்வளவுதான். பசியாறிவிட்டு வேனில் ஏறினோம்.

இங்கே ஒரு பெரிய வெள்ளம் வந்தது, நாங்கள் தப்பினோம் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்கு நல்ல வெயில். பாலிங் திரும்பும் வழியில் உலு லெகோங் வெந்நீர்க் குளத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேலே மேகமே இல்லை. "பார்த்தீங்களா, போயிருக்கலாம்" என்றான் ஒருவன். வேன் காசு போனது போனதுதான். இரண்டு தம்பிகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த ஒரு வாரமும் நான் செய்தது தவறா என்று எனக்கே சந்தேகம். பிறகு கீதையில் படித்தது நினைவுக்கு வந்தது. செயலில்தான் நமக்கு உரிமை, பலனில் இல்லை என்ற போதனையைப் பரீட்சைக்கு முன்னால் சொல்லிக்கொள்வோம். இங்கேயும் அதுதான். அந்த எட்டரை மணிக்கு எங்களுக்குத் தெரிந்தது இரவு மழை, கலங்கிய நீர், நீந்தத் தெரியாத ஏழு பேர். அதை வைத்து எடுத்த முடிவு சரி. பதினொரு மணி வெயில் அதைத் தவறாக்காது. அதே போல, அன்று இறங்கி ஒன்றும் ஆகாமல் திரும்பியிருந்தாலும் அது சரியான முடிவாகியிருக்காது. அதிர்ஷ்டம் என்றுதான் பெயர். அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நினைத்தவன் அடுத்த முறையும் இறங்குவான்.

ஆறு வாரம் கழித்துப் போனோம். தேதியை மாற்றித் தருவதாக எழுதி வாங்கியிருந்தோமே! அந்த ஆறு வாரமும் பல்கலைக்கழகக் குளத்தில் பழகினேன். மீனாகிவிடவில்லை, ஆனால் பதறாமல் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டேன். படகிலிருந்து விழுந்தால் என்ன செய்வது என்று மண்டபத் தரையிலேயே எல்லாரும் படுத்துப் பழகினோம். மல்லாந்து, கால் இரண்டும் நீர் ஓடும் திசையில், கால்விரல்கள் நீருக்கு மேலே. வேகமான நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் நீர் முதுகைத் தள்ளி முகத்தை அமுக்கிவிடும்.

அன்று நீர் கண்ணாடி போலத் தெளிவு. மூன்றாவது நுரையில் நான் விழுந்தேன். குளிர் நெஞ்சில் அறைந்தது. ஒரு வினாடி அந்தப் பதினாறு வயது அருவி கண்முன் வந்துபோனது. மல்லாந்தேன், காலை உயர்த்தினேன், வானத்தைப் பார்த்தேன். வழிகாட்டி எறிந்த கயிறு நெஞ்சின்மேல் விழுந்தது. படகில் ஏறியதும் முதலில் சிரித்தது அந்தக் கூப்பாங் தங்கைதான். "பாரத்துல இப்ப உண்மையாவே 'தெரியும்'னு போடலாம்ண்ணே" என்றாள்.

"'கொஞ்சம் தெரியும்'னு போடுறேன்மா" என்றேன்.

நினைவில் வைக்க

• ஒருவர் நீரில் தத்தளித்தால் வரிசை இது: முதலில் கழியையோ துண்டையோ நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறி, அடுத்தது படகு. நீரில் குதிப்பது பயிற்சி பெற்றவர் வேலை. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன வீடுகள் நம்மிடையே உண்டு.

• ஆற்றுக்குப் போய் வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் "ஆற்றில் இறங்கினேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். எலிக் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் குணமாகும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

• திரும்பி வரும் விதியைப் புறப்படும் முன்பே எழுதுங்கள். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு எழுத முடியாது; அங்கே ஆசையும் மானமும் பேனாவைப் பிடித்துக்கொள்ளும்.

வகுப்பில் பேச

1. உங்கள் குழுவில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? என்ன செய்ய வேண்டும்?

2. ஒன்றும் ஆகாமல் போனதால் மட்டும் சரி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் முடிவு ஏதாவது உண்டா? மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டுக்கு அருகில் ஓடும் ஆறு எந்த மலையில் பிறக்கிறது? அடுத்த வகுப்புக்கு முன் கண்டுபிடித்து வாருங்கள். மேலே மழை பெய்தால் உங்களுக்கு யார் சொல்வது என்பதையும் எழுதி வாருங்கள்.

பாட்டியைப் போல நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். ஒற்றும்போது கண்ணைத் திறந்து வையுங்கள்.